அழுவதற்கு ஒருத்தி

என் அப்பா எண்பதைத் தாண்டி இருந்தார். கடைசிவரை கண்ணாடி போடவில்லை. முறுக்கைக் கடித்தே தின்றார். பார்க்க வந்தவர்களெல்லாம் மலைக்காற்றின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அதே காற்றைத்தான் என் அத்தையும் குடித்தாள். அவளுக்கு நாற்பதுகூட முடியவில்லை.

அப்பாவுக்கு இந்த ஆயுசு எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன். எனக்கு இனி யாரிடம் பயம்?

எங்களுக்குப் பெருமாள்மலை முக்கில் கடை. முன்னால் மளிகையும் டீயும், பின்னால் வீடு. மேலே கொடைக்கானலுக்குப் போகிற பஸ்ஸும், கீழே ஒட்டன்சத்திரம் சந்தைக்கு உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிப்போகிற லாரியும் எங்கள் வாசலில் நின்று ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும். வண்டி நின்றால் வியாபாரம். அப்பா பேச்சில் கெட்டிக்காரர். யாரிடமும் தணிந்து போகமாட்டார், டிரைவர்கள்கூட அவரை அதட்ட முடியாது. அப்படிப்பட்ட மனிதருக்குச் சாவு என்ற ஒன்றுதான் பயம். அந்தப் பயத்துக்கு நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம்.

எங்கள் வீட்டில் ‘செத்து’ என்ற சொல் வரக்கூடாது. அரிசி தீர்ந்தால் ‘நெறைஞ்சிருக்கு’ என்று சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கக் கூடாது, அமர்த்த வேண்டும். ரோட்டில் சங்குச் சத்தம் கேட்டால் அப்பா கடைப் பலகையை இழுத்துச் சாத்திவிட்டு, சத்தம் வளைவைத் தாண்டும்வரை சர்க்கரை மூட்டைக்குப் பக்கத்தில் கண்ணை மூடி நிற்பார். லாரி ஒன்று கொண்டை ஊசி வளைவில் உருண்ட பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறியதில்லை. பனிக்காலம் வந்துவிட்டால் குல்லாய், மப்ளர், இரண்டு ஸ்வெட்டர். பச்சைத்தண்ணீரைக் கையால் தொடமாட்டார். சளி பிடித்து, அது சன்னியாகி, ஆளைக் கொண்டுபோய்விடுமாம். அதனால் அம்மா வெள்ளனே எழுந்து ஈர விறகை ஊதி ஊதி அவருக்குக் குளிக்க வெந்நீர் போடுவாள். அவள் கண் எப்போதும் சிவந்திருந்ததற்கு அழுகை காரணமில்லை, அந்த விறகுதான்.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. அப்பா பழனிக்காரர். அவர் இளவட்டமாக இருந்தபோது அங்கே வாந்திபேதி கண்டது. ஒரே வாரத்தில் அவருடைய அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். தூக்குவதற்கு ஆள் வரவில்லை. மிஞ்சியது அவரும், இடுப்பில் வைத்துத் தூக்கும் வயதில் ஒரு தங்கச்சியும்தான். அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மலையேறி வந்து, கூலி வேலை பார்த்து, கஞ்சி ஊற்றி வளர்த்தார். அவள்தான் என் அத்தை. அதே வீட்டில் அதே சாவைப் பார்த்தவள்தான் அவளும். அவளுக்கு அந்தப் பயம் ஒட்டவில்லை. விவரம் தெரியாத வயது என்று அப்பா சொல்வார். நான் அப்படி நினைக்கவில்லை.

அத்தை வளர்ந்ததும் கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் ஆயா வேலைக்குப் போனாள். அந்த ஹாஸ்டல் சமையற்காரரைக் கட்டிக்கொண்டு வேதத்திலும் சேர்ந்தாள். கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்போது வேதக்காரர் என்றுதான் சொல்வார்கள். அன்றோடு அவள் பேச்சு எங்கள் வீட்டில் நின்றது. அவள் குடியிருந்தது அட்டுவம்பட்டியில். மேலே அரை மணி நேர பஸ் பயணம். என்றைக்காவது கீழே போகும்போது அவள் வந்த பஸ்ஸும் எங்கள் கடை முன்னால் நிற்கும். அவள் இறங்கமாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடையையே பார்ப்பாள். அப்பா திரும்பி நின்று, எடை போட வேண்டியதில்லாத வெல்லத்தை எடை போடுவார். நான் அவளைப் பார்த்துச் சிரிப்பேன், அவளும் சிரிப்பாள். எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான்.

நயா பைசா புதிதாக வந்து எல்லோரும் குழம்பிக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு நாள் காலையில் அப்பா பல் துலக்கப் பின்வாசலுக்குப் போனவர், வேப்பங்குச்சியும் வாயுமாக ஓடிவந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தகரக் கூரையில் இரண்டு காக்கைகள் சேர்ந்திருந்ததைப் பார்த்துவிட்டாராம். நான் பாவாடை கட்டிய சிறுமி, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காக்கை தினமும்தான் கூரையில் உட்காருகிறது, இதில் என்ன என்று கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். காக்கைகள் இணை கூடுவதைக் கண்ணால் கண்டவனுக்குச் சாவு நிச்சயம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை என்று பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பரிகாரமும் உண்டு, அதுவும் எல்லோருக்கும் தெரியும். ஆள் செத்துவிட்டதாக நெருங்கின உறவுக்குப் பொய்ச் சேதி சொல்லிவிட வேண்டும். கேட்டவர்கள் நெஞ்சு வெடித்து அழ வேண்டும். அழுதுவிட்டால் அந்தச் சாவு அங்கேயே கழிந்துபோகும். எமனுக்குக் கணக்குத் தீர்ந்துவிடுமாம். ஆனால் வீட்டில் இருக்கிறவர்கள் அழுதால் செல்லாது, உண்மை தெரிந்தவர்களின் கண்ணீருக்கு மதிப்பில்லை. நிஜம் என்று நம்பி அழ ஓர் ஆள் வேண்டும்.

அன்று கடை திறக்கவில்லை. அப்பா கட்டிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா எதிரே நின்றாள்.

“ஒட்டன்சத்திரத்துல எங்க அண்ணனுக்குச் சொல்லி விடுவமா?” என்றாள்.

“உங்க அண்ணனா? அழுவானா அவன்? வந்ததும் வராததுமா கடைச் சாவி எங்கன்னு கேப்பான்.”

“பழனியில உங்க சித்தப்பா மகன் இருக்காகல்ல.”

“அவன் போன வருசமே என் சாவுக்கு வேட்டி தொவச்சு வச்சுட்டான்.”

இப்படியே ஒவ்வொருவராக அம்மா சொல்ல, அப்பா ஒவ்வொருவராகத் தள்ளினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. ஊரெல்லாம் உறவு, கல்யாணம் காட்சி என்றால் பந்தியில் இடம் போதாது. அழுவதற்கு என்று தேடினால் ஆளே இல்லை. அப்பா கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மேல சொல்லி விடு. அவ அழுவா.”

அம்மா அவரை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். இத்தனை வருஷம் பெயர் சொல்லக்கூடாத ஒருத்தி. அவள் எழுதிப் போட்ட கிறிஸ்துமஸ் வாழ்த்தைக்கூடப் பிரிக்காமல் அடுப்பில் போட்டவர் அவர். ஆனால் தன்னை உயிராக நினைக்கிறவள் அந்த ஒருத்திதான் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். தெரியாமல் ஒதுக்கினார் என்றால் மன்னித்துவிடலாம்.

மேலே காலியாகப் போன லாரியின் டிரைவரிடம் சேதி சொல்லி அனுப்பினார்கள். சொல்லும்போது முகத்தில் சிரிப்பு வரக்கூடாது, வந்தால் பலிக்காது என்று அப்பா அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். டிரைவர் நல்ல மனிதர். தலையைக் குனிந்துகொண்டே போனார்.

மத்தியானம் முட்டைக்கோசு ஏற்றிய லாரி ஒன்றில் அத்தை வந்து இறங்கினாள். அவள் இறங்குவதை நான் பார்க்கவில்லை. அப்பாவோடு உள்ளே இருந்தேன், சத்தம் காட்டக்கூடாது என்று என்னையும் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வாசல் கதவு சாத்தியிருந்தது. முதலில் கேட்டது ரோட்டில் அவள் விழுந்த சத்தம். பிறகு அழுகை.

வேதத்தில் சேர்ந்தவர்கள் மாரடித்து அழக்கூடாது, ஒப்பாரி வைக்கக்கூடாது என்று பாதிரியார் சொல்லியிருப்பார். அவளுக்கு அதெல்லாம் நினைவில் இல்லை.

“என்ன இடுப்புல சொமந்த அண்ணே, எனக்குக் கஞ்சி ஊத்துன அண்ணே, எறக்கி விட்டுட்டு எங்கண்ணே போனீக? ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டீகளே. பஸ்ஸு நிக்கிறப்பல்லாம் திரும்பிப் பாப்பீகன்னு பாத்தேனே!”

வெளியே நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள், விஷயம் தெரிந்தவர்கள், அவர்களுமே அழ ஆரம்பித்துவிட்டார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவர் சதை ஆடவில்லை. கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, கஷாயம் குடிக்கிறவர்போல ஒவ்வொரு வார்த்தையாக உள்ளே வாங்கிக்கொண்டிருந்தார். வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அம்மா கதவைத் திறக்கப் போனாள். அப்பா கையைக் காட்டித் தடுத்தார்.

“இரு. இன்னுங் கொஞ்சம் அழட்டும்.”

நான் கேட்டேன். என் காதால் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். அவள் அவரை மதிக்காமல் கதவைத் திறந்தது என் நினைவில் அதுதான் முதல் தடவை.

அத்தை உள்ளே வந்தாள். தலை அவிழ்ந்து, வெள்ளை ஆயாப் புடவையெல்லாம் புழுதி. கக்கத்தில் ஒரு கோடி வேட்டி. செத்தவருக்குப் போர்த்தக் கொண்டுவரும் புதுத் துணி அது. கொடைக்கானல் கடைத்தெருவில் நின்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள், அழுதுகொண்டே. கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். அம்மா நடந்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். காக்கை என்றாள், பரிகாரம் என்றாள்.

நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அந்த வேட்டியை அவர் முகத்தில் எறிந்திருப்பேன். அத்தை சிரித்தாள். அழுகை நிற்காமலே சிரித்தாள். கிட்டே வந்து அவர் முகத்தைத் தொட்டாள், கையைத் தொட்டாள், காலைத் தொட்டாள்.

“இருக்கீகளாண்ணே? நெசமா இருக்கீகளா? போதும்ணே. எனக்கு இது போதும்.”

பிறகு கையில் இருந்த வேட்டியைப் பார்த்தாள். “இத ஏன் வீணாக்கணும்? புதுசுதானே, கட்டிக்கங்கண்ணே” என்று வெள்ளந்தியாக அவர் தோளில் போடப் போனாள். அப்பா அலறிக்கொண்டு கட்டிலின் மறுபக்கம் குதித்தார். நெருப்புப் பட்டிருந்தால்கூட அப்படிக் குதித்திருக்கமாட்டார். “அத வெளிய எடுத்துட்டுப் போ! மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போ!” என்று கத்தினார். அத்தை பயந்துபோய் வேட்டியைச் சுருட்டி மறுபடி கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அம்மா அவளைச் சாப்பிட வைத்தாள். வேதக்காரி என்பதால் பின்வாசலில் உட்கார வைத்துத்தான் போட வேண்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். அத்தை அதையும் குறையாக நினைக்கவில்லை. “மதினி, ரசம் அந்தக் காலத்து ருசி” என்று சொல்லிச் சாப்பிட்டாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என் தலையைப் பின்னிவிட்டாள். அவள் கையில் சோப்பு வாசனை.

மேலே போகிற பஸ் வந்தது. அத்தை கடை வாசலில் நின்று, “இனிமே வரப் போக இருக்கலாமாண்ணே?” என்று கேட்டாள். அப்பா அதற்குள் கடையைத் திறந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சொல்லி விடுறேன். நீ வெரசா ஏறு, வண்டி போயிரும்.”

அவர் சொல்லி விடவே இல்லை. சோலி முடிந்துவிட்டதே. அன்று சாயங்காலம் அவர் மூன்று தோசை சாப்பிட்டார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையோ என்னவோ, அதற்கு அப்புறம் அவருக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

சில வருஷங்கள் போயின. அத்தை வந்த பஸ் பழையபடி நிற்கும், அவள் பழையபடி ஜன்னலிலிருந்து பார்ப்பாள். ஒரே வித்தியாசம், இப்போது அவள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. என்றைக்காவது கூப்பிடுவார் என்று. பழைய முகத்தைப் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அரிசிக்கு வரிசையில் நின்ற காலத்தில், எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாள் காலை பஸ் கண்டக்டர் கடைக்குள் வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, மேல உங்க தங்கச்சி தவறிட்டாக. காய்ச்சல்ல கெடந்துருக்காக. மத்தியானம் அடக்கமாம். பெறந்த வீட்டுக் கோடிக்குக் காத்துக்கெடக்காகன்னு அவுக வீட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு.”

வேதத்தில் சேர்ந்தாலும் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது மாறவில்லை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ ஒரு புதுப் புடவை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வரும்வரை உடலை எடுக்கமாட்டார்கள். பிறந்த வீடு என்று ஒன்று அவளுக்கு இருந்தது என்பதற்கு அதுதான் கடைசிச் சாட்சி.

அப்பா கண்டக்டரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் இல்லை.

“பழிக்குப் பழியாக்கும்? அன்னைக்கு நான் அவள அழ வச்சேன், இன்னைக்கு அவ என்ன அழ வைக்கப் பாக்குறா. காக்காயப் பாத்துருப்பா. போயிச் சொல்லுங்க, நான் ஏமாற மாட்டேன்னு.”

கண்டக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா உள்ளிருந்து ஓடிவந்தாள்.

“என்ன பேசுறீக? அவுக வேதக்காரவுக. காக்கா சாஸ்திரம் அவுகளுக்கு ஏது? யாராச்சும் சாவுல பொய் சொல்லுவாகளா?”

சொல்லிவிட்டு அவளே வாயை மூடிக்கொண்டாள். யார் சொல்லுவார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியுமே.

“பொய்ச் சேதிய நம்பிப் போயி நின்னா ஊரு சிரிக்கும். ஒருத்தரும் போகக் கூடாது” என்றார் அப்பா. பஸ் புறப்பட்டுப் போனது. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை பொய்யாகவே இருக்கட்டும் என்று அவளும் ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டிருப்பாள். நான் வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் போய்ப் பார்த்தோம். பனி இன்னும் விலகாத காலை அது. அப்பா கட்டிய வேட்டியோடு, ஸ்வெட்டரோடு, பீப்பாய்த் தண்ணீரைச் செம்பு செம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். பச்சைத்தண்ணீர். பல் தந்தியடித்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. இருந்தும் விடாமல் ஊற்றினார். உடன்பிறந்தவள் செத்த சேதி காதில் விழுந்தால் கட்டிய துணியோடு குளிக்க வேண்டும், இல்லாவிட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் காயும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை.

அவர் ஒரு கணமும் அதைப் பொய் என்று நம்பவில்லை. சாவு வீட்டு வாசலை மிதிக்கப் பயம், அவ்வளவுதான். அந்தப் பயத்தை மறைக்கத்தான் செத்தவளைப் பொய்க்காரி ஆக்கினார்.

“பொய்ச் சேதிக்கு எதுக்குத் தலைக்கு ஊத்துறீக?” என்று அம்மா கேட்டாள்.

செம்பு பீப்பாயில் இடித்துக்கொண்டே இருந்தது.

அம்மா பெட்டியைத் திறந்து எனக்கென்று எடுத்து வைத்திருந்த புதுப் புடவையை எடுத்தாள். “வா” என்றாள் என்னிடம். அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றோம். நாங்கள் மேலே போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் யாரும் இல்லை, கல்லறைத் தோட்டத்துக்கு வழி காட்டினார்கள். எல்லாம் முடிந்து, ஈர மண்மேட்டுக்குப் பக்கத்தில் அத்தையின் வீட்டுக்காரர் மட்டும் குடையில்லாமல் நின்றிருந்தார்.

“ரொம்ப நேரம் வச்சிருந்தோங்க்கா” என்றார் அம்மாவிடம், தப்பு அவருடையது போல. “மழை வருதுன்னு பாஸ்டர் ஐயா சொன்னாரு. கோடி இல்லாமப் போகக் கூடாதுன்னு அவ சொல்லிக்கிட்டே கெடந்தா. அன்னைக்கு அண்ணனுக்குன்னு எடுத்த வேட்டி, அதப் பெட்டியிலதான் வச்சிருந்தா. அண்ணனுக்கு எடுத்ததுதானே, அண்ணன் கோடியா இருக்கட்டும்னு அதையே போத்திட்டேன்.”

அம்மா எனக்கு எடுத்த புடவையை மண்மேட்டின்மேல் விரித்தாள். மழை அதை உடனே நனைத்துவிட்டது. நான் அன்று அழுதேன். அத்தை அப்பாவுக்காக அழுத அளவுக்கு அழ வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை.

எனக்கும் இப்போது சாவுப் பயம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். வயது ஆகிவிட்டது, நெஞ்சில் சின்ன வலி வந்தால்கூட என் கை என்னை அறியாமல் நாடியைத் தேடுகிறது. அது அப்பா கொடுத்த சொத்து. ஆனால் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் எல்லாச் சாவு வீட்டுக்கும் நான் போகிறேன். கோடி எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போகிறேன். இது தைரியம் இல்லை. அவர் மாதிரி ஆகிவிடுவேனோ என்ற பயம்தான் மற்றப் பயத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

அன்று சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது கடை சாத்தியிருந்தது. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். பின்வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அப்பா குல்லாயும் மப்ளருமாகக் குந்தி உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். பெரிய அண்டாவில் தண்ணீர் கொதித்தது. என் ஆயுளில் அவர் எங்களுக்காக அடுப்பு மூட்டியது அந்த ஒரு தடவைதான். எங்களைப் பார்த்ததும் எழுந்து பின்னால் நகர்ந்தார்.

“அங்கனயே நில்லுங்க. தண்ணி காஞ்சு கெடக்கு. குளிச்சிட்டு உள்ள வாங்க.”

அத்தையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உண்மைதானா என்றுகூடக் கேட்கவில்லை.

அம்மா அண்டாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு குளிக்காமல், கல்லறை மண் அப்பிய காலோடு அவரைத் தாண்டி உள்ளே போய், அவருடைய கட்டிலில் ஏறி, அவருடைய கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாள். அப்பா வாசற்படி வரை வந்து நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.